கரிசலில் ஒரு வர்ணப் பெட்டி

சென்ற மாசியில், உள்ளங்கையளவு வர்ணப் பெட்டியுடன் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் புறப்பட்டோம். கரிசல் மண் வெறும் கறுப்பன்று. ஊதாவும் செம்மையும் அதில் ஒளிந்திருப்பதைத் தீட்டும்போதுதான் கண்டோம். ஆனால் வெயில் பொல்லாதது. குவாஷ் வர்ணம் பெட்டியிலேயே கண்மாய்ப் படுகைபோல் வெடித்துவிட்டது! இரண்டு துளி கிளிஸரின் கலந்திருக்க வேண்டும்; மறந்த புத்திசாலி நாமே.

1879-ல் ரமண மகரிஷி பிறந்த திருச்சுழியில், திருமேனிநாதர் ஆலயத்தை அந்திக்குள் தீட்டிவிட எண்ணினோம். குவாஷில் கருநிறம் உலர்ந்தால் வெளுக்கும். நிழலெல்லாம் சாம்பல் பூத்தது. திருத்துமுன் வெளிச்சம் போயிற்று.

குண்டாற்று மணலில் தோண்டியிருந்த ஊற்றில் தூரிகையைக் கழுவக் குனிந்தோம். நீர் மொண்டுகொண்டிருந்த மூதாட்டி, "குடிக்கிற தண்ணி ஐயா! சிரட்டையிலே மொண்டு அங்கிட்டுப் போய்க் கழுவுங்க" என்றாள். தலைகுனிந்து சிரட்டையை வாங்கிக்கொண்டோம்.