‘ஆண்மை இல்லாத அரசே’ என்று கத்தினோம்

மரக்காணத்தில் நாங்கள் நடத்திய ஓர் ஆர்ப்பாட்டத்தில் ஒரு முழக்கம் ‘ஆண்மை இல்லாத அரசே’ என்று தொடங்கியது. எழுதியவர்கள் நாங்கள்தான். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற ஓர் அண்ணன் அந்த முழக்கத்துக்கு மட்டும் கையை உயர்த்தவில்லை. அன்றைக்கு அது எங்கள் கண்ணில் படவில்லை. சில மாதங்கள் கழித்து அவரே சொன்னபோதுதான் உறைத்தது.

அண்ணன் உப்பளத் தொழிலாளி. வயது 46. ‘பேரப் போடாதீங்க தம்பி, விஷயத்த எழுதுங்க’ என்று சொன்னதால் எழுதுகிறோம்.

இரண்டு வருடமாக அவருக்கு விறைப்பு வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போயிருக்கிறார். ‘இளமையில் செய்த தவறு’ என்று சொல்லி லேகியம் கொடுத்தார்களாம். உப்பள முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அதில் போனது. வேலையில்லாத மழைக்காலத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணமும் போனது. வீட்டிலோ, அவருக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று அண்ணி சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

அவர் இதைச் சொல்லி முடித்தபோது நாங்கள் ஆண்கள் ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களோடு இருந்த நர்சிங் படிக்கும் தோழர்தான் கேட்டார்: ‘சுகர் பாத்திருக்கீங்களாண்ணே?’

பார்த்ததில்லை. பார்த்தபோது வெறும் வயிற்றில் 210. ரத்த அழுத்தமும் அதிகம். இருபது வருட பீடிப் பழக்கம் வேறு. மருத்துவர் இரண்டுக்கும் மருந்து தொடங்கினார். விறைப்புக்கான மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவிலேயே வழி கிடைத்துவிடும். அண்ணனுக்கு மாத்திரை கேட்கவில்லை. அதன் பிறகுதான் டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கு எடுப்பது என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். இதுவும் அதே ஒலி அலைதான். கதிர்வீச்சு கிடையாது. ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தை வைத்து, ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கருவி கணக்கிடும். ரத்தக் குழாயை விரிக்கும் மருந்தை மெல்லிய ஊசியால் ஆணுறுப்பில் செலுத்திவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளப்பார்கள். 1980களிலிருந்து இந்தச் சோதனை உலகெங்கும் நடக்கிறது. ஊசிக்குப் பிறகு விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதை மட்டும் மறக்கக் கூடாது.

அளவுகளை மருத்துவர் விளக்கினார். இதயம் ரத்தத்தைத் தள்ளும் நேரத்தில் உள்ளே வரும் வேகம் நொடிக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வரத்து சரி. 25-க்குக் கீழே என்றால் தமனியில் கோளாறு. வரத்து நன்றாக இருந்தும், இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் வேகம் 5-க்கு மேலேயே நின்றால், உள்ளே தேங்க வேண்டிய ரத்தம் சிரை வழியாகக் கசிகிறது என்று பொருள். பயமும் கூச்சமும்கூட அளவைக் கெடுக்கும். அதனால் அவசரப்பட்டு முடிவு சொல்ல மாட்டார்கள்.

அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். ‘பாத்திக்குத் தண்ணி வரத்து கம்மியா, இல்ல வரப்பு கசியுதா? அதானே சார் பாக்குறீங்க?’ என்றார். மருத்துவர் சிரித்துவிட்டு, அதேதான் என்றார்.

அண்ணனுக்கு வரத்துதான் குறைவு. இரண்டு பக்கத் தமனியும் 25-ஐத் தொடவில்லை. மருத்துவர் அடுத்து அனுப்பிய இடம் இதயப் பிரிவு. ஆணுறுப்பின் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இதயத்தின் தமனி மூன்று நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் புகையும் குழாயைக் கெடுக்கும்போது சின்னக் குழாய் முதலில் காட்டிக்கொடுக்கும். மாரடைப்பு சில வருடங்கள் கழித்து வரும். லேகியம் சாப்பிட்ட இரண்டு வருடத்தில் அவருடைய உடம்பு எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க விடாமல் தடுத்தது வெட்கம்.

அந்த வெட்கத்தை யார் கொடுத்தார்கள்? ஸ்கேன் எடுத்த இடத்தில் ஊழியர் ஒருவர், நிறையப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், ‘ஆண்மைக்குறைவு பேஷண்ட் யாருங்க?’ என்று சத்தமாகக் கேட்டார். எங்களுக்குக் கோபம் வந்தது. சண்டைக்கே போனோம். திரும்பி வரும்போது பேருந்தில் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: ‘அந்த ஆள் நாப்பது பேர் முன்னாடி கேட்டான். நீங்க மைக்குல கேட்டீங்க தம்பி.’

பதில் சொல்ல முடியவில்லை. ‘ஆண்மை’ என்ற கருத்தே ஒழிய வேண்டும் என்று ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் வாதிட்டார். அந்த நூலை நாங்கள் வாசிப்பு வட்டத்தில் படித்திருக்கிறோம். அவர் படத்தை மேடையில் வைத்துக்கொண்டுதான் அந்த முழக்கத்தையும் போட்டோம். சாதி வெறியர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு பேசும் அதே மொழியில் நாமும் பேசினால், அடி விழுவது அரசுக்கு இல்லை. பின்வரிசையில் நிற்கும் நம் அண்ணனுக்குத்தான்.

இது ஒருவருடைய படுக்கையறைப் பிரச்சினையும் இல்லை. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. சிறுநீரகம் கெட்டாலும் விறைப்பு போகும். பாத்தியில் நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் போதவில்லை என்பதெல்லாம் உடம்பில் இப்படித்தான் வந்து சேர்கிறது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. அந்தப் பட்டியலில் இந்தக் கேள்வியையும் சேர்க்கக் கேட்போம். தனியறையில், மரியாதையாகக் கேட்க வேண்டும். தேவைப்படுகிறவருக்கு டாப்ளர் சோதனை மாவட்ட அளவிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். நீங்கள் காலனியில் மருத்துவ முகாம் நடத்தினால் நீங்களே கேளுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர், விறைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

அண்ணனுக்கு முழுதாகச் சரியாகவில்லை. பீடியை விட்டுவிட்டார். சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது. ஸ்கேன் அறிக்கையை அண்ணியிடம் கொடுத்து, தன் வாயாலேயே விளக்கிச் சொல்லியிருக்கிறார்.

போன ஆர்ப்பாட்டத்துக்கு முழக்கங்களை எழுதியதும் முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டினோம். ஒன்றை அடிக்கச் சொன்னார். அடித்தோம்.

ஜெய்பீம்.