உம்மம்மாவின் படம்

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது, உம்மம்மாவின் குடும்பப் படங்களெல்லாம் சோனகத் தெரு வீட்டோடு போய்விட்டன. அதன் பிறகு படமென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன மாதம் இஷாத் தொழுகை முடித்து ஒற்றை மின்குமிழின் கீழ் இருந்தவர், தாமாகவே "எடு மகள்" என்றார். காலையில் மனம் மாறிவிட்டால்?

முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியட்டும் என்று வாப்பாவின் போனில் 50 மெகாபிக்சலைத் தெரிவுசெய்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கன்னமெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளிகள். இதைத்தான் இரைச்சல் என்பார்கள். பௌதிகவியல் படிப்பவள் முதலே யோசித்திருக்க வேண்டும்! ஒளி, மழைத்துளிபோல் ஒழுங்கின்றியே உணரியில் விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 போட்டன்கள் விழுந்தால், 10 அளவில் கூடிக்குறையும், நூற்றுக்குப் பத்து. அடுத்தடுத்த நான்கு பிக்சல்களை ஒன்றாக்கினால் 400க்கு 20; நூற்றுக்கு ஐந்துதான். ஆனால் 50 மெகாபிக்சல் 12.5 ஆகிவிடும்.

அப்படியும் ஒன்று எடுத்தேன். கன்னம் தெளிந்தது, முக்காட்டின் தையல் கரைந்துபோனது.

இரண்டையும் காட்டினேன். மங்கல் வெளிச்சத்தில் நமது கண்ணும் பல கோல் கலங்களின் செய்தியை ஒன்றாக்கித்தான் பார்க்கிறது, அதனால் நுணுக்கம் தெரியாது என்றேன்.

"அதுதான் ராவையில ஊசிக்கு நூல் கோக்க ஏலாம இருக்கு" என்றார்.

பிறகு மணல் தூவிய படத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார். அதில்தான் அவர் கையால் போட்ட தையல் தெரிகிறது.