கண்ணும் கனலும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவனுக்கு ஆடுகள்தாம் முதல் விரோதி. என் தோட்டத்து இரும்புக் கதவின் கீல் முறிந்தது. வெல்டரைக் கூப்பிடத் தேனிக்குப் போனவன், சின்னதாக ஒரு வெல்டிங் மெஷினையே வாங்கிவந்துவிட்டேன். கல்லூரியில் கொஞ்சம் பௌதிகம் படித்த திமிர்தான்!

ராடு இரும்பைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டது. பட்டறைத் தம்பி ஒருவன் வந்து சிரித்தான். “தீக்குச்சி கிழிக்கிற மாதிரி உரசி, உடனே லேசாத் தூக்குங்கண்ணே. ராடு கனம் அளவுதான் இடைவெளி இருக்கணும்.” 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 80 ஆம்பியர் வைத்துக் கொடுத்தான். சுடர் நின்றது.

ஆனால் முகமூடியை மாட்டினால் கீல் தெரியவில்லை. நாலைந்து முறை அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே பற்றவைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ராத்திரிதான் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டாற்போல் ஆயிற்று. புற ஊதாக் கதிருக்கு அவசரம் கிடையாது. சுட்டுவிட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் சொல்லும். எழுத்தை நம்பிப் பிழைப்பவன் இருட்டறையில் கிடந்தேன். மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இரண்டு நாளில் கண் தெளிந்தது. இம்முறை முகமூடிதான் முதலில். கசடைத் தட்டியதும் மேடும் பள்ளமுமாகப் பற்று தெரிந்தது. அழகில்லை, ஆனால் ஆடு நுழையவில்லை.