கழுந்துக்கு விட்ட நீளம்



நம் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் திருமணப் பதிவேடுகளும் இத்தனை ஆண்டுகளாக ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன. சென்ற மழையில் இரண்டு ஏடுகளின் ஓரம் நனைந்தபின், அவற்றுக்கு ஓர் அலமாரி செய்யத் தீர்மானித்தோம். சபையின் மூத்த தாயார் ஒருவர், இடித்த தம் பழைய வீட்டின் தேக்குக் கதவையும் நிலையையும் அதற்கெனக் கொடுத்தார்கள். மணமாகி வந்த நாளில் அவர்கள் நுழைந்த வாசல் அது. "வீணாக்கிராதீங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்கள்.

வேறோர் ஆலயத்தில் பார்த்த நான்கடி அகல அலமாரியை மாதிரியாகக் கொண்டு, நம் வெஸ்ட்ரிச் சுவருக்கேற்ப மூன்றடியாகக் குறைத்து, நானே படம் வரைந்தேன். கதவுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 18 அங்குலம். இருபுறமும் 3 அங்குல நெடுஞ்சட்டம் போக, இடையில் வரும் குறுக்குச்சட்டம் 12 அங்குலம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். சற்றுப் பெருமையும் கொண்டேன்; மறைப்பானேன்?

பேகம்பூரில் நாம் பாய் என்றழைக்கும் தச்சர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்த 12 அங்குலத்தின்மேல் விரலை வைத்து, "ஐயா, கழுந்துக்கு எங்க நீளம் விட்டிருக்கீங்க?" என்றார்.

குறுக்குச்சட்டத்தின் இரு முனைகளும் நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் புகவேண்டும். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். கண்ணுக்குத் தெரிவது 12 என்றாலும் அறுக்கவேண்டியது 15. என் படத்தின்படி அறுத்திருந்தால் சட்டங்கள் அத்தனையும் குட்டையாகியிருக்கும். அந்த வாசலை மறுபடி யாரிடம் போய்க் கேட்பேன்?

என்னை அதிகமாய்க் குத்தியது வேறொன்று. யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் பத்து முழப் பலகை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கழுந்துகள் வேண்டுமென்று கர்த்தர் மோசேக்குக் கட்டளையிடுகிறார். செமினரியில் அந்த அளவுகளை எழுதித் தேறியவன் நான். சீத்திம் மரத்துக்கும் வெள்ளிப் பாதங்களுக்கும் பொருள் சொல்லிப் பிரசங்கித்திருக்கிறேன். கழுந்தை மட்டும் வாசித்துக் கடந்துபோனேன். வேறொன்றுக்குள் புகுந்து மறைவதற்கென்றே விடப்பட்ட நீளம் அது.

சென்ற ஆண்டு மாலை ஆராதனையைக் காலையோடு இணைத்தபோதும் இப்படித்தான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். நேரம் சரியாய்ப் பொருந்தியது. இரவு ஷிப்டு முடித்து வரும் மில் தொழிலாளர் குடும்பங்கள் நான்கு, அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை. அவர்களைப் பார்க்க இந்த வாரம்தான் போனேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மாலை ஆராதனையைப்பற்றி வரும் கமிட்டியில் மறுபடி பேசுவோம்.

மரம் இன்னும் அறுபடவில்லை. பூட்டை முன்னதாகவே வாங்கித் தரச் சொல்லிவிட்டார் பாய்; அதன் கனம் தெரிந்தால்தான் சட்டத்தில் குழி எடுக்க முடியுமாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இருக்க, வேறு எதைத் தேடுவது? வெஸ்ட்ரியில் இப்போது அட்டையால் முழு அளவு மாதிரி ஒன்று நிற்கிறது. நம் கோயில்பிள்ளை கையை உயர்த்திப் பார்த்தார்; எட்டவில்லை. திருவிருந்துப் பாத்திரத் தட்டு 4 அங்குலம் கீழே இறங்கிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீங்களும் ஒருமுறை வந்து திறந்து பாருங்கள். திங்கட்கிழமைதான் பாய் வாள் வைக்கிறார்.