திரைச்சீலைக்கு இப்பால்

கேட்டுப் பெறும் சொகுசைவிடக் கேளாமல் வந்து சேரும் சொகுசே மனிதனை மிகுதியும் சோதிக்கிறது. எழுபதைக் கடந்த நமக்கு அத்தகைய சோதனையொன்று, ஒரு மே மாதத்தில், விமானப் பயணச்சீட்டின் வடிவில் வந்தது.

சிட்னியில் வாழும் மகளின் வீட்டில் மூன்று திங்கள் தங்கிவிட்டுத் தக்கலைக்குத் திரும்பும் வேளை. துபாயில் தம்பி மகனுடன் இரண்டு நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து திருவனந்தபுரம் வருவதென்பது ஏற்பாடு. சிட்னியிலிருந்து துபாய் ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர். பதினான்கு மணி நேரப் பயணம். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான், இரு விமானங்களிலும் நமக்குப் ‘பிசினஸ் கிளாஸ்’ இருக்கை எடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. சாதாரண வகுப்பின் கட்டணத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல்! கூடுதலாகச் சென்ற பணத்தில் நம்மூர் ஏழைப் பெண்பிள்ளை ஒருத்தி கல்லூரிப் படிப்பையே முடித்திருப்பாள்.

“மோளே, இது வீண் விரயம் அல்லவா? மாற்றிவிடு” என்றோம்.

மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வாப்பா, கப்பல்ல தூங்காம போன கதையை எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க! அந்தத் தூக்கத்துல ஒரு ராத்திரியை நான் திருப்பித் தரக் கூடாதா?” என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. நமது கொள்கை அவ்விடத்தில் வாயடைத்து நின்றுவிட்டது.

அவள் சொன்ன கப்பலின் பெயர் ‘துவாரகா’. ஆண்டு 1975. நாகர்கோவிலுக்கு அன்று இரயில் இல்லை; திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டதே 1979-ல்தான். பேருந்தில் திருவனந்தபுரம் சென்று, அங்கே இரயிலேறிப் பம்பாய் சேர்ந்து, வளைகுடாத் துறைமுகங்களுக்கு ஓடிக்கொண்டிருந்த அக்கப்பலில் மேல்தளப் பயணியாக ஏறினோம். மேல்தளப் பயணிக்கு அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. தகரப் பெட்டிக்கும் அடுத்தவர் காலுக்கும் நடுவே பாய் விரிக்கக் கிடைத்ததே இடம். கடற்காற்றும் ஊர் நினைவும் இரவெல்லாம் உறங்க விடவில்லை. அறைகளில் பயணம் செய்தோரும் அக்கப்பலில் உண்டு. கதவு திறக்கும்போது தெரியும் வெள்ளை விரிப்பை ஓரக் கண்ணால் பார்த்ததுண்டு. 1982-ல் ‘துவாரகா’வின் ஓட்டம் நின்றது. அதற்கு முன்பே நம்மவர் பலர் விமானத்துக்கு மாறிவிட்டிருந்தனர்.

ஆனால் விமானத்திலும் தளங்கள் உண்டென்பதைக் காலம் காட்டியது. முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் இடையே இந்த நடுவகுப்பை விமான நிறுவனங்கள் ஏற்படுத்தியது 1970-களின் இறுதியில். தள்ளுபடிச் சீட்டில் செல்வோர் பெருகிய காலம் அது. முழுக் கட்டணம் செலுத்தும் வணிகர்களைக் கைவிட்டுப் போகாமல் காக்கவே அவர்களுக்கெனத் தனிப் பகுதி பிறந்தது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இவ்வகுப்பிலேயே முற்றிலும் படுக்கையாக விரியும் இருக்கையைக் கொண்டு வந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களும் அவ்வழியில் சென்றன. முன்பு விலைக்கு விற்றது மதிப்பு. இப்போது விற்பது தூக்கம்.

அந்தத் தூக்கம் நமக்குக் கிடைத்ததா? வெள்ளைத் துணி விரித்துச் சிற்றுண்டி பரிமாறினார்கள். பொத்தானை அழுத்தியதும் நாற்காலி நீண்டு கட்டிலாயிற்று. கால் நீட்டினோம், போர்த்திக்கொண்டோம். உடல் ஒப்புக்கொண்டது, உள்ளம் ஒப்பவில்லை. ‘இந்த மனிதன் யாரென்று நினைத்து இத்தனை உபசாரம்?’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நெடும்பயணத்தில் அசையாதிருந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இவ்வாபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறதென உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. இரயிலுக்கும் பேருந்துக்கும்கூட இது பொருந்தும். ஆகவே எழுந்து நடந்தோம். வகுப்புகளைப் பிரிக்கும் திரைச்சீலையை விலக்கி அப்பால் சென்றால், மங்கலான ஒளியில் வரிசை வரிசையாக நிமிர்ந்த உறக்கங்கள். ஒரு தாய், மடியில் குழந்தையைக் கிடத்தி, எதிர் இருக்கையின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தாள். நமது பழைய மேல்தளம் இங்கேதான் இருக்கிறது. நாம்தான் அறைக்குள் போய்விட்டோம்!

மேற்கு நோக்கிப் பறக்கும்போது இரவு நீளும். பொழுது புலரும் முன் திரைப்படத்தில் நமது விமானம் இலங்கையையும் தமிழகத்தின் தென்பகுதியையும் நெருங்கிக் கடந்தது. கீழே எங்கோ நமது வீடு. வீட்டைத் தாண்டிப் போய்த்தான் வீடு திரும்ப வேண்டும். துபாயில் இறங்கச் சற்று முன்னர் சுபுஹு நேரம் வந்தது. பணிப்பெண் காட்டிய சிறு இடத்தில் தொழ நின்றோம். திரையை ஒதுக்கிக்கொண்டு பின்னாலிருந்து இருவர் வந்து தோளோடு தோள் சேர்ந்து நின்றனர். அந்த இரண்டு நிமிடம் விமானத்தில் வகுப்பு இல்லை. தொழுகை முடிந்ததும் அவரவர் இடத்துக்குச் சென்றோம். திரை மீண்டும் மூடிக்கொண்டது.

நமது மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் தந்த தோப்பில் முகமது மீரானுக்கு 1997-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நாவலின் பெயர் ‘சாய்வு நாற்காலி’. குடும்பப் பெருமையின் மீது சாய்ந்துகொண்டே வீட்டின் பொருளையெல்லாம் விற்றுத் தின்னும் ஒரு காரணவரின் கதை அது. அந்த நாற்காலியின் குற்றம் என்ன? அது சாய்ந்ததில் குற்றமில்லை. சாய்ந்தவர் எழ மறந்ததே குற்றம். விமானத்தில் இது நமக்கு நன்றாக விளங்கியது. மகள் அன்போடு தந்ததை ஏற்பதில் பாவமில்லை. அதை நமது தகுதி என்று எண்ணத் தொடங்கும் கணமே அஞ்சத்தக்கது.

இரண்டு நாள் கழித்துத் துபாயிலிருந்து ஊர் திரும்பும் இரவு விமானத்தில், கால் நடக்கத் திரைக்கு அப்பால் சென்றபோது, “காக்காக்குத் தக்கலையா?” என்றொரு குரல். திருவிதாங்கோட்டு இளைஞர். கட்டட வேலை. இரண்டாண்டுக்குப் பின் விடுப்பு. அன்று பகல் வேலையையும் முடித்துவிட்டு நேரே வந்து ஏறியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“முன்னால கட்டில் உண்டுமுன்னு சொல்லுதாவளே, உள்ளதா காக்கா?”

“உள்ளதுதான் தம்பி” என்றோம். சொல்லும்போது நாணமாக இருந்தது. அவரோ, “நல்லது. வயசான காலத்துல படுத்துட்டு வாருங்கோ” என்று சிரித்தார். இருக்கையை அவருக்கு மாற்றித் தரலாமா என்று பணிப்பெண்ணிடம் கேட்டோம். விதி இடந்தராது என்று பணிவாகக் கூறிவிட்டார். அதன்பின் நமது கட்டிலை நாம் விரிக்கவில்லை. அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் அறிவோம்.

திருவனந்தபுரத்தில் இறங்கும்போது விடியவில்லை. பெட்டிகள் வரும் பட்டையின் அருகே எல்லா வகுப்பினரும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். கயிறு கட்டிய அட்டைப் பெட்டியோடு அவர் பேருந்துக்குப் புறப்பட்டபோது, நமக்காக வந்திருந்த வாடகைக் காரைக் காட்டி, “வாரும், ஒரே வழிதானே” என்றோம். முதலில் மறுத்தார். மறுக்க முடியாமல் பெறுவதன் சங்கடத்தை அவர் முகத்தில் கண்டோம். அது நமக்கு நன்கு பழக்கமானதுதான். நாம் ஓட்டுநரின் அருகில் அமர்ந்துகொண்டு, பின்னிருக்கை முழுவதையும் அவருக்கு விட்டோம்.

நெய்யாற்றின்கரை வருமுன்பே அவர் கால்களை மடக்கிப் படுத்து உறங்கிவிட்டார். களியக்காவிளையில் தேநீருக்கு வண்டியை நிறுத்தப் போன ஓட்டுநரை, வேண்டாமென்று சைகையால் தடுத்தோம்.

வீடு சேர்ந்ததும் மகள் தொலைபேசியில் கேட்டாள்: “வாப்பா, நல்லா தூங்கினீங்களா?”

“நல்ல தூக்கம் மோளே. உன் பணம் வீண் போகவில்லை” என்றோம்.