மூக்கைப் பார்த்துப் பூட்டுகிறவர்

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் இருக்கும் ஒரு கண்ணாடிக் கடையின் பின்மேசையில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முன்பக்கம் விளக்குப் போட்டுப் பிரேம்களை அடுக்கியிருக்கிறார்கள். வருகிறவர்கள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி அழகு பார்க்கிறார்கள். பின்மேசையில் அந்த மினுக்கம் கிடையாது. விரித்த வெள்ளைத் துவாய், மூன்று நான்கு சிறிய திருப்புளிகள், நுனி வளைந்த குறடு, பழைய பல்துலக்கி, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு போத்தல். பக்கத்தில் அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி, அது நிறைய நோஸ் பாட், கண்ணாடியை மூக்கில் தாங்குகிற சின்னத் துண்டுகள்.

"கண்ணைச் சோதிக்கிறது டொக்டர். லென்ஸ் வெட்டுறது மிசின். இந்த மேசைக்கு வாறது மூக்குத்தான்" என்றார் அண்ணை. கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவர் அண்ணைதான், அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும்கூட. தொழில் பழகியது வவுனியாவில்.

முதலில் வந்தவர் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற ஒரு ஐயா. கண்ணாடியின் பாட் இரண்டும் தேன்நிறமாகி இறுகிப்போயிருந்தன. அவற்றின் அடியில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது.

"பிரேம் உக்கிப் போச்சுது போல. புதுசு போடுவமே?"

அண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பிரேமுக்கு ஒண்டுமில்லை ஐயா. உது களிம்பு."

மலிவான உலோகப் பிரேம்கள் பலவற்றில் செம்பு கலந்திருக்கும். மேற்பூச்சு தேய்ந்த இடத்தில் வியர்வை பட்டால் பித்தளைக் குடத்தில் பிடிக்கிற அதே களிம்பு இங்கும் பிடிக்கும். மென்மையான பாட் எண்ணெயையும் வியர்வையையும் உறிஞ்சி வைத்திருப்பதால் அதன் முதுகுப்புறம் எப்போதும் ஈரம்தான். போதாததற்கு அறுவடைத் தூசி. ஐயாவின் கண்ணாடியில் திருகாணிகளும் துருவேறி இறுகியிருந்தன.

அண்ணை ஒவ்வொரு திருகாணியிலும் ஒரு துளி எண்ணெய் விட்டுக் கண்ணாடியை ஒதுக்கி வைத்தார். நெல்விலை பற்றிக் கொஞ்சம் கதைத்தார். பிறகுதான் திருப்புளியை எடுத்தார். திருகாணியின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட இருக்கும், அவ்வளவுதான். அதன் தலையில் உள்ள வெட்டு மழுங்கிவிட்டால் பத்து நிமிச வேலை ஒரு மணித்தியாலமாகும். ஒன்று சொன்னபடி கேட்டது. மற்றது அசையவில்லை. சூடேற்றிய ஈயப்பற்றுக் கோலின் நுனியை அதன் தலையில் ஒரு கணம் வைத்து எடுத்தார். உலோகம் சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்கும்போது துருவின் பிடி விட்டுப்போகும். சவர்க்காரமும் பல்துலக்கியும் போட்டுக் களிம்பை எடுத்தார். 13 மில்லிமீற்றர் சிலிக்கன் பாட் பூட்டி, திருகாணி கழன்று வராமல் இருக்க அதன் தலையில் நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தார். புதுப் பிரேம் வாங்க வந்த ஐயா இரண்டு பாட்டுக்கான காசை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். முன்மேசையில் இருந்த பையனுக்கு அது அவ்வளவு சந்தோசமாக இருந்ததாகத் தெரியவில்லை.

பாட் மாற்றுவதை நான் ஒரே வகைச் சாமானைக் கழற்றிப் பூட்டுகிற வேலை என்று நினைத்திருந்தேன். பெட்டியைப் பார்த்தால் அப்படி இல்லை. திருகாணியால் பூட்டுவது ஒன்று, அமத்தினால் 'டிக்' என்று உட்கார்ந்துகொள்வது இன்னொன்று. ஒன்றின் இடத்தில் மற்றது நிற்காது. நீள்வட்டமானது எந்தப் பக்கத்துக்கும் சரி. ஒரு ஓரம் நேராக வெட்டினதுபோல இருப்பதில் இடம், வலம் உண்டு. மாறிப் போட்டால் விளிம்பு தோலை அறுக்கும். நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவந்து கடிக்கிறவர்களுக்கு டைட்டேனியம் இருக்கிறது. கேட்டு வருகிறவர்கள் குறைவு. வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அண்ணை சிலிக்கன்தான் போடுகிறார். அது வியர்வையிலும் பிடித்து நிற்கும், ஆனால் கெதியாக மஞ்சளாகும். வாசிக்க மட்டும் போட்டுக் கழற்றுகிறவர்களுக்குக் கடினமான பிளாஸ்டிக். அது வழுக்கும், ஆனால் நெடுநாள் கிடக்கும்.

எல்லாரும் பெரிய பாட்தான் கேட்கிறார்கள். பெரியதென்றால் பாரம் பரவும் என்பது சரிதான். ஆனால் ஒடுங்கிய மூக்கில் பெரிய பாட் முழுதாகப் படியாமல் ஓரத்தால் மட்டும் தொட்டு நிற்கும். அண்ணை முதலில் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. கழற்றச் சொல்லி மூக்கில் கிடக்கிற தழும்பைப் பார்க்கிறார். பாட்டின் முழு வடிவமும் மெல்லப் பதிந்திருந்தால் நல்லது. நகம் பட்டதுபோல ஒரு பிறைக்கோடு மட்டும் சிவந்திருந்தால் பாட்டில் பிழையில்லை, அதைத் தாங்குகிற கம்பியின் சரிவில்தான் பிழை. அந்தக் கம்பிகளை உள்ளே நெருக்கினால் கண்ணாடி மேலே ஏறும். அகட்டினால் கீழே இறங்கும். தூரத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு இது பெரிய காரியம். இரண்டு மில்லிமீற்றர் இறங்கினாலும் வாசிக்கிற துண்டு கீழே போய்விடும்; பேப்பர் படிக்க நாடியைத் தூக்க வேண்டி வரும். கண்புரை வெட்டி உள்ளே லென்ஸ் வைக்காத பழைய ஆட்கள் போடுகிற தடித்த கண்ணாடியில் கணக்கு இன்னும் கறார். +10 லென்ஸ் மூக்கில் 5 மில்லிமீற்றர் முன்னால் சறுக்கினால் கண்ணுக்கு அது +10.5 போல வேலை செய்யும். டொக்டர் கால் கால் டயொப்டராகப் பார்த்து எழுதிக் கொடுத்ததை ஒரு வழுக்கல் கெடுத்துவிடும். காந்தியின் வட்டக் கண்ணாடிக்கு இந்தக் கம்பியும் இல்லை, பாட்டும் இல்லை. நடுப்பாலமே வளைந்து மூக்கில் குந்தியிருக்கும். அது அந்த மூக்குக்குச் சரி.

மத்தியானத்துக்குச் சற்று முன் புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மூக்கின் பாலத்தில் வலப்புறம் பள்ளம். செல்துண்டு. எப்போது, எங்கே என்று அண்ணை கேட்கவில்லை. இந்த ஊர்களில் அப்படி யாரும் கேட்பதில்லை. அவர் போட்டிருந்த கண்ணாடி வலப்பக்கம் சரிந்து, லென்ஸின் நடுவை விட்டுக் கண் விலகி இருந்தது. தலைவலிக்கிறது என்று இரண்டு தடவை லென்ஸ் மாற்றினாராம்.

அண்ணை இடப்பக்கத்தில் 13 நீள்வட்டம் போட்டார். வலப்பக்கத்தில் அதைவிடப் பெரிய சிலிக்கன். பிறகு வலப்பக்கக் கம்பியைக் குறட்டால் பள்ளத்துக்குள் சாய்த்தார். போட்டுப் பார்த்தார், கழற்றினார், மயிரிழை வளைத்தார், திரும்பப் போட்டார். எத்தனை முறை என்று எண்ணவில்லை, தேத்தண்ணீர் ஆறிப்போனது. வேலை முடிந்து கண்ணாடியை மேசையில் வைத்தபோது இரண்டு பாட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோலத்தில், யாரோ மிதித்ததுபோல நின்றன. அவர் முகத்தில் போட்டதும் பிரேம் மட்டமாக நின்றது. பின்மேசைக்கு நான் போனதன் பலன் அந்த ஒரு கண்ணாடி. மருந்துச்சீட்டில் இந்த வேலைக்கு இலக்கம் இல்லை.

இதனால்தான் இலவசக் கண்முகாம்கள் பற்றி எனக்கு ஒரு குறை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட பிறகும், மீள்குடியேறிய ஊர்களுக்குக் கண் சோதித்துக் கண்ணாடி கொடுக்க ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் கொடுபடுவது பலவேளைகளில் ஆயத்தமாக வருகிற பிளாஸ்டிக் வாசிப்புக் கண்ணாடி. மூக்குப் பாலம் பிரேமோடு ஒரே வார்ப்பு. அது எந்த மூக்கை நினைத்து வார்த்ததோ, எங்கள் அம்மம்மாமாரின் தட்டை மூக்கில் நிற்காமல் சறுக்கும். அப்படிச் சறுக்குவதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அண்ணை ஸ்பிரிட்டால் எண்ணெய் துடைத்து ஒட்டுப் பாட் ஒட்டிக் கொடுக்கிறார். வியர்வையில் அது சில கிழமைதான் நிற்கும். சோதிக்க நான்கு பேர் வருகிற முகாமுக்குக் குறடும் ஒரு பெட்டி பாட்டும் கொண்ட ஒருவரையும் கூட்டி வந்தால் என்ன?

2022 இல் அண்ணையின் வேலை கூடியது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. பாட், திருகாணி எல்லாம் வெளியிலிருந்து வருகிற சாமான். புதுப் பிரேம் வாங்க நினைத்தவர்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு பின்மேசைக்கு வந்தார்கள். அண்ணை செத்த பிரேம்களில் இருந்து நல்ல பாட்களைக் கழற்றிக் கழுவிச் சேர்த்தார். "சண்டைக் காலத்தில, பற்றரிக்கும் சீமெந்துக்கும் தடை இருந்தபோது, ஆக்கள் சைக்கிள் வால்வு ரியூப்பை வெட்டிக் கம்பியில கொளுவிக்கொண்டு திரிஞ்சவை. நானும் அப்பிடித்தான் போட்டனான். மூக்குக் கறுக்கும், ஆனா வழுக்காது."

அன்று அடுத்து வந்தவர் முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்வாடி வைத்திருக்கிற அக்கா. அவருக்கு அண்ணை சொன்னது சுருக்கம்: "கடலால வந்தவுடன நல்ல தண்ணியில கழுவுங்கோ அக்கா. உப்பு முதல்ல பிடிக்கிறது திருகாணியைத்தான்."

கிளம்பும்போது என் கண்ணாடியையும் கழற்றித் தரச் சொன்னார். பாட் மஞ்சளாகத்தான் இருந்தது, மாற்றுவார் என்று நினைத்தேன். சவர்க்காரத் தண்ணீரில் போட்டுத் தேய்த்து, இடப்பக்கத் திருகாணியைக் கால் சுற்று இறுக்கித் திருப்பித் தந்தார்.

"உது இன்னும் ஆறு மாசம் போகும். மாத்த வேண்டாம்."