ஒன்று இரண்டாகத் தெரிந்தால்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஐம்புலன்களில் கண்ணுக்கு நாம் தரும் மதிப்பை வேறு எதற்கும் தருவதில்லை. அன்புக்குரியவரைக் 'கண்ணே' என்கிறோம். அருமையான பொருளைக் 'கண்போல்' காக்கிறோம். ஆயினும் கண் என்றதும் நம் நினைவுக்கு வருவது பார்வை ஒன்றுதான். அந்தக் கண்ணை இடமும் வலமும் திருப்புவதற்கென்றே தசைகளும் நரம்புகளும் உண்டு. அவற்றுள் ஒன்று ஓய்ந்து போனாலும் ஒரு குடும்பமே தடுமாறும். இதனை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன். அதனை முன்னிட்டு நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உடன் பயிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் தந்தை லாரி ஓட்டுநர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிச் செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குக் கொண்டு செல்வார். தாய் பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு ஆனி மாதம், சாரல் தொடங்கிய நாளொன்றில், தந்தை தெருவில் நின்றபடி, "ஏலே, கோபுரம் ரெண்டாத் தெரியுது" என்றார். அவர் பார்த்தது தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தை. ஆனால் கையிலிருந்த தேநீர்க் குவளை ஒன்றாகவே தெரிந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டால் கோபுரமும் ஒன்றாகிவிட்டது. அவருடைய இடது கண் மூக்குப் பக்கமாகச் சற்றே ஒதுங்கியிருந்தது.

அன்று முதல் அவர் வண்டியைத் தொடவில்லை. சாலை இரண்டாகத் தெரிகின்ற ஒருவர், மலைப்பாதையில் எந்தச் சாலையில் வண்டியைச் செலுத்துவார்?

அக்கம் பக்கத்தார் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "நரம்பு சுளுக்கியிருக்கு. தலை நிறைய எண்ணெய் வச்சு, ஒரு மண்டலம் ஐந்தருவியில நின்னாச் சரியாப் போகும்" என்றார் ஒரு பெரியவர். மருந்துக் கடை ஒன்றில் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பத்து நாள் கழிந்த பின்னரே திருநெல்வேலிக்குச் சென்றோம். அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. கண்ணில் ஏற்பட்டிருந்தது ஆறாவது நரம்பு வாதம் என்றார் மருத்துவர்.

ஆறாவது நரம்பு எது?

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் மூன்று இணைகள் இவ்வேலையைப் பார்க்கின்றன. மூன்றாவது நரம்பு நான்கு தசைகளை ஆள்கிறது. நான்காவது நரம்புக்கு ஒரு தசை. ஆறாவது நரம்புக்கும் ஒரே தசைதான். கண்ணைக் காதுப் பக்கமாக வெளியே இழுக்கும் தசை அது. இந்த நரம்பை 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டேக்கியஸ் விவரித்தார். மூளை நரம்புகளை நாம் இன்று எண்ணும் முறையில் 12 இணைகளாக வரிசைப்படுத்தியவர் ஜெர்மானியரான சோமரிங். ஆண்டு 1778.

வேலை சிறிதாயினும் இந்நரம்பு செல்லும் வழி கடினமானது. பான்ஸ் என்னும் மூளைப் பகுதியின் கீழ்விளிம்பில் புறப்பட்டு, மண்டையோட்டின் அடித்தளத்தில் மேல்நோக்கி ஏறி, எலும்பு முகட்டில் சட்டென்று வளைந்து, பெரிய இரத்தக் குழாய் ஒன்றின் அருகே சென்று, பிறகே கண்குழியை அடைகிறது. புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் மலைப்பாதை போன்றது என்று தந்தைக்குச் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வளைவும் நெருக்கமும் மிகுந்த பாதையில் விபத்துக்கு இடம் அதிகம் அல்லவா?

இந்நரம்பு ஓய்ந்தால் வெளியே இழுக்கும் தசை தளர்கிறது. எதிர்ப்புறத் தசை கண்ணை மூக்குப் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இரு கண்களும் ஒரே திசையில் நில்லாமையால் பொருள் இரண்டாகத் தெரிகிறது. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் இயல்பாகவே உள்நோக்கித் திரும்புகின்றன. அப்போது வெளித்தசைக்கு வேலை குறைவு. குவளை ஒன்றாகவும் கோபுரம் இரண்டாகவும் தெரிந்ததன் காரணம் இதுவே.

காரணங்கள்

நடுவயதைக் கடந்தவர்களிடம் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் முதன்மைக் காரணங்கள். அவை நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. தலையில் அடிபடுதல், மூளைக்காய்ச்சல், காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்குதல், மூளைக் கட்டி ஆகியவையும் காரணமாகலாம். மண்டைக்குள் எங்கே அழுத்தம் மிகுந்தாலும் இந்நரம்பு இழுபட்டு ஓயக்கூடும். ஆகவே கண்ணில் தெரியும் குறையைக் கொண்டு நோய் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட முடியாது. காதில் சீழ் வடிவதை அலட்சியம் செய்தால் அது எலும்பின் வழியே பரவி இந்நரம்பைத் தாக்கும் என்று கிராடெனிகோ என்னும் இத்தாலிய மருத்துவர் 1904-இல் எடுத்துக்காட்டினார். 2021-இல் கொரோனாவைத் தொடர்ந்து பரவிய கரும்பூஞ்சை நோயிலும் பலருக்குக் கண் அசைவு நின்றுபோனது. சிறுவர்களுக்குச் சில வேளைகளில் வைரசுக் காய்ச்சலுக்குப் பின் இது வந்து, தானே மறைவதும் உண்டு.

மருத்துவம்

ஓய்ந்த நரம்பை நேரடியாக எழுப்பும் மருந்து இல்லை. எந்தக் காரணத்தால் ஓய்ந்ததோ அதற்கே மருத்துவம். சர்க்கரையாலும் கொதிப்பாலும் வந்தது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் தானே சரியாகிவிடும். அதுவரை இரட்டைப் பார்வையின் தொல்லை தீர ஒரு கண்ணை மறைக்கலாம். கண்ணாடியில் ஒட்டும் பட்டகத் தகடும் உதவும். சிறு குழந்தைகளானால் ஒரு கண்ணின் பார்வை மங்கிவிடாதபடி மருத்துவர் சொல்லும் முறையில் மறைக்க வேண்டும். உள்ளிழுக்கும் தசையில் போட்டாக்ஸ் ஊசி போட்டு அதைத் தற்காலிகமாகத் தளர்த்துவதும் உண்டு. பல மாதங்கள் காத்திருந்தும் குணமாகாவிடில், தசைகளை இடம் மாற்றித் தைக்கும் அறுவை மருத்துவம் இருக்கிறது. இளவயதினருக்கு வந்தாலும், கடும் தலைவலி, வாந்தி, காய்ச்சல் சேர்ந்து வந்தாலும், மூன்று மாதமாகியும் மாற்றம் இல்லாவிட்டாலும் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது.

அருவியா, மருந்தா?

என் தந்தை கண்ணாடியின் ஒரு பக்கத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டு நான்கு மாதங்கள் வீட்டிலிருந்தார். தாயின் பீடிக் கூலியில்தான் அடுப்பெரிந்தது. சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார். தாயின் மனம் நோகாதிருக்க ஐந்தருவிக்கும் போய்வந்தார். புரட்டாசி முடிவதற்குள் கோபுரம் ஒன்றாயிற்று.

"அருவித் தண்ணி கைவிடல" என்கிறார் தாய். மாத்திரையின் வேலை என்கிறார் தந்தை. என் கணிப்பில் இரண்டுமே முழு உண்மை அல்ல. நரம்பு தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. தானே குணமாகும் நோய்க்கு, அந்நேரத்தில் எது செய்தோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. அருவிக்குச் சென்றவன் அருவியைப் புகழ்வான்; தாயத்துக் கட்டியவன் தாயத்தைப் புகழ்வான். குற்றாலத்து நீர் உடலுக்கும் உள்ளத்துக்கும் தரும் இன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கோபுரம் ஒன்றாகத் தெரிந்ததும் கதை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. கண் தேறியது, சர்க்கரை அப்படியே இருக்கிறது. கவனியாது விட்டால் அடுத்த முறை விழித்திரையையோ சிறுநீரகத்தையோ அது கேட்கும். கண்ணுக்கு வந்த வாதம் நோயன்று, நோய் அனுப்பிய கடிதம் என்றே கொள்ள வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள். அவர்களுள் எத்தனை பேர் என் தந்தையைப்போல் அறியாமலே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ! அரசு மருத்துவமனையில் ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கக் காசு கேட்பதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறோம். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லும் வேலை நம்மிடம்தான் வருகிறது. நாம் படிக்கும் விலங்கியல் தேர்வுத் தாளோடு நின்றுவிடலாகாது. வீட்டில் யாரேனும் 'இரண்டாகத் தெரிகிறது' என்றால் ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொல்வோம். பொத்தியதும் ஒன்றாகிவிட்டால், இரு கண்களும் ஒத்து நிற்கவில்லை என்று அறிந்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நாற்பதைத் தாண்டிய பெற்றோருக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் சர்க்கரையும் கொதிப்பும் பார்க்கச் செய்வோம். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் எதற்கு?